சிப்பியும் சிங்கியும் குடியேறும் துறைமுகச் சுவர்: வரைபடம் முதல் இரண்டாம் ஆண்டுக் கணக்கு வரை

மீன்பிடித் துறைமுகம், தூண்டில் வளைவு, ஜெட்டி ஆகிய வேலைகளில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்களையும் சைட் மேற்பார்வையாளர்களையும் மனதில் வைத்து, கடல் உயிர்களும் குடியேறும்படி துறைமுகச் சுவரைக் கட்டும் முறையை எழுதுகிறேன். தங்கள் ஊர்ச் சுவரில் மறுபடி சிப்பி பிடிக்க வேண்டும் என்று கேட்கும் ஊர்க் கமிட்டிக்காரர்களுக்கும் இது பயன்படும். நான் வேலை பார்த்த கடல் குமரி மாவட்டத்தில் முட்டத்திலிருந்து நீரோடி வரை, எல்லை தாண்டினால் கேரளத்தின் பொழியூர், விழிஞ்ஞம் வரை. பாறைக்கடல், சிறிய ஏற்றவற்றம், ஆனி ஆடியில் முரட்டு அலை. வேறு கடலுக்குப் போனால் எண்கள் மாறும், ஆனால் படிகளின் வரிசை அப்படியேதான் இருக்கும்.

வரிசையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை. சுவரைக் கட்டி முடித்த பிறகு, மிச்சமிருந்த பணத்தில் நாலு காங்கிரீட் பெட்டிகளை இறக்கினார்கள். மட்டம், துளை, காலம் இவை மூன்றும் முதல் வரைபடத்திலேயே இடம்பெறாவிட்டால் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் ஒட்டாது.

1. இந்தக் கோட்டில் சுவர் வர வேண்டுமா என்று கேளுங்கள்

சுவரின் அடிப்பகுதி எந்தப் பாரின் (கடலடிப் பாறைத்திட்டின்) மேல் உட்காருகிறது என்று முதலில் பாருங்கள். இயற்கையான பார் ஒன்றை மூடிவிட்டு அதற்கு ஈடாக முந்நூறு காங்கிரீட் கட்டைகள் போடுவது ஈடாகாது. வரைபடத்தில் சுவரின் கோட்டை முப்பது மீட்டர் நகர்த்தினால் அந்தப் பார் தப்பிவிடும் என்றால் அதுதான் உங்கள் முதல் வேலை. காகிதத்தில் நகர்த்துவதற்குச் செலவு கிடையாது.

அடியில் பவளம் இருந்தால் அதைப் பெயர்ப்பதோ இடம் மாற்றுவதோ உங்கள் விருப்பத்துக்கு விட்டதல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்கள் இருக்கின்றன. தொடுவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும்.

அடுத்தது மணல். சுவர் எந்தப் பக்கம் மணலைப் பிடிக்கும், எந்தப் பக்கம் அரிக்கும் என்று தெரியாமல் துளைகளை வடிவமைக்கக் கூடாது. மணல் சேரும் பக்கத்தில் வைத்த துளை ஒரே பருவத்தில் அடைந்துவிடும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆழ அளவை வரைபடம், வடிவமைப்பு அலை உயரம், அருகிலுள்ள நிரந்தர மட்டக்கல்லின் (உயரம் குறித்த அளவைக் கல்லின்) விவரம், சுவரின் குறுக்குவெட்டு, அடிமண் அறிக்கை. இவையெல்லாம் எப்படியும் அலுவலகத்தில் இருக்கும். பெரும்பாலும் இல்லாதவை மூன்று: ஒரு முழு ஆண்டின் உயிரினக் கணக்கு, அந்தப் பாறையில் சிப்பி எடுப்பவர்களின் சம்மதம், பராமரிப்புக்கென்று தனியாக ஒதுக்கிய தொகை.

அனுமதி விஷயத்தில் ஒரு யோசனை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழும் சி.ஆர்.இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டல) விதிகளின் கீழும் விண்ணப்பிக்கும்போதே உயிரின வாழிடக் கட்டைகளையும் வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்த்தால் திருத்திய வரைபடம், மறு ஒப்புதல் என்று ஒரு மழைக்காலமே போய்விடும்.

3. ஒரு முழு ஆண்டு எண்ணுங்கள்

நான்கு தடவை எண்ண வேண்டும்: மே மாதம் மழைக்காலத்துக்கு முன், செப்டம்பர் கடைசியில் கடல் அடங்கியதும், டிசம்பரில், பிறகு பிப்ரவரியில். 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் சட்டம் ஒன்று போதும். பி.வி.சி. குழாயில் நீங்களே செய்துகொள்ளலாம். மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் பத்துப் பத்துச் சட்டங்கள்.

இதே அளவு சட்டங்களை, சுவர் வராத பாறை ஒன்றிலும் வையுங்கள். அதே அலை அடிக்கும் பாறையாக இருக்க வேண்டும். இந்த ஒப்பீட்டுப் பாறை இல்லாவிட்டால், மூன்றாம் ஆண்டில் சிப்பி குறையும்போது குறை சுவரிலா, அந்த ஆண்டுக் கடலிலா என்று சொல்ல முடியாது. புதியவர்கள் செலவைக் குறைக்க நினைக்கும்போது முதலில் வெட்டுவது இதைத்தான்.

எண்ண யாரைக் கூட்டிப் போவது? சிப்பி எடுப்பவரை. நான் முதல் தடவை போனபோது அமாவாசைக்கு மறுநாள், நல்ல வற்றம். என்னோடு வந்த சிப்பிக்கார அண்ணன் பாறையின் மேல்புறத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து, பாறைக்கும் பாறைக்கும் இடையில் விரல் மட்டும் நுழையும் ஒரு வெடிப்பில் கையை விட்டார். வெளியே எடுத்தபோது நகக்கணுவில் அரிசி அளவு சிப்பிக் குஞ்சுகள் பாசி நாரோடு தொங்கின. "மக்களே, பெரிசு இருக்க இடத்தப் பாக்காத, குஞ்சு இருக்க இடத்தப் பாரு. சிப்பிக்கு அலை அடிக்கணும், சிங்கிக்கு வெளிச்சம் ஆகாது. ரெண்டையும் ஒரே கல்லுல வச்சா ஒண்ணும் நிக்காது" என்றார்.

என் வடிவமைப்புக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இன்றும் இருப்பது அந்தப் பேச்சுதான். அதனால் கணக்கெடுக்கும்போது இரண்டு பத்திகள் போடுங்கள். ஒன்று வளர்ந்தவை, ஒன்று குஞ்சுகள். குஞ்சு எந்த அகலத்து வெடிப்பில், எந்த மட்டத்தில், எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்று தனியாக எழுதுங்கள். உங்கள் துளையின் அளவு எல்லாம் இந்தப் பத்தியிலிருந்துதான் வரப்போகிறது.

எந்த உயிருக்காகக் கட்டுகிறோம் என்பதையும் இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்யுங்கள். "கடல்வாழ் உயிரினங்கள்" என்று பொதுவாக எழுதினால் எந்த அளவும் சரியென்றாகிவிடும். நம் பக்கத்துக்கு நான் மூன்றைத்தான் எடுப்பேன்: பழுப்புச் சிப்பி, சிங்கி இறால், பாறை மீன்களில் களவாயும் செப்பிலியும். இவற்றுக்கு இடம் கிடைத்தால் பாசியும் நண்டும் சங்கும் தானாக வரும்.

4. மட்டம்: அதிகம் பேர் சறுக்கும் இடம்

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். பிரிட்டன் கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பல மீட்டர் வித்தியாசம் உண்டு. அங்கே, வற்றத்திலும் நீர் தங்கும் பாறைக்குட்டையை அரை மீட்டர் மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் அது ஓத எல்லைக்குள்ளேயே இருக்கும். குளச்சல், விழிஞ்ஞம் பக்கத்தில் முழு ஏற்றவற்றமே ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. அரை மீட்டர் தவறினால் குட்டை எப்போதும் மூழ்கிக் கிடக்கும், இல்லையென்றால் எப்போதும் காய்ந்து கிடக்கும்.

அந்த அரை மீட்டர் பிழை எங்கிருந்து வருகிறது தெரியுமா? கடல் வரைபடத்தில் ஆழம் சார்ட் டேட்டம் என்ற தாழ்மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. நிலத்து மட்டக்கல்லோ சராசரிக் கடல்மட்டத்தைக் கொண்டது. நம் கரையில் இவை இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய அரை மீட்டர் இருக்கிறது. ஒரு வரைபடத்தில் "+0.60" என்று இருந்தால், எதிலிருந்து 0.60 என்று பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் வரைபடத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

நான் இருந்த ஒரு வேலையில் இதுவே நடந்தது. குட்டைகள் தாழ்மட்டக் கணக்கில் வரையப்பட்டன, சைட்டில் சராசரி மட்டத்திலிருந்து அளந்து வைத்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். ஏப்ரல் மதியம் போய்ப் பார்த்தபோது குட்டையில் இருந்த நீரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. சுற்றிலும் உப்புப் பொருக்கு. கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும் கூம்பு ஓட்டு உயிர்) மட்டும் விளிம்பில் நாலு ஒட்டியிருந்தது. இருபத்து நான்கு குட்டைகள், அத்தனையும் வீண்.

அதற்குப் பிறகு நான் அட்டவணையை மட்டும் நம்புவதில்லை. பக்கத்துப் பாறையிலேயே மூன்று கோடுகள் இருக்கின்றன: கொட்டலசின் மேல் எல்லை, சிப்பியின் மேல் எல்லை, அடர்ந்த பாசியின் மேல் எல்லை. லெவல் கருவியை வைத்து இந்த மூன்றையும் பத்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். பல ஆண்டுகளின் ஓதத்தையும் அலைச் சிதறலையும் கணக்கில் கொண்டு உயிரினங்களே போட்ட கோடு அது. உங்கள் கட்டைகளின் மட்டத்தை இந்தக் கோடுகளோடு பொருத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. அலை நேராக அடிக்கும் பாறையில் சிதறல் நீரால் இந்தக் கோடுகள் மேலே ஏறியிருக்கும். துறைமுகத்தின் உள்பக்கச் சுவருக்கு அந்த அளவை எடுத்தால் மறுபடி அதே பிழை. உள்பக்கத்துக்கு ஒதுங்கிய பாறையில்தான் அளக்க வேண்டும்.

5. சுவரின் எந்த இடத்தைத் தொடலாம்

சுவரை வைத்துதான் சித்திரம். அலைத்தடுப்புச் சுவரின் கடல்பக்க முகத்தில் நாலுகால் டெட்ராபாட் போன்ற கவசக் கட்டைகள் இருக்கின்றன. அவற்றில் துளையிடக் கூடாது. பெரும்பாலும் உள்ளே கம்பி இல்லாத காங்கிரீட் அது. கால் வெடித்தால் கட்டை உருளும், ஒன்று உருண்டால் பக்கத்துக் கட்டையும் தளரும்.

கவசக் கட்டைக்குத் தேவையான எடை அலை உயரத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. அலை 20 சதவீதம் கூடினால் எடை ஏறக்குறைய 1.73 மடங்கு வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தவர் "கொஞ்சம் குடைந்தால் என்ன" என்று கேட்கமாட்டார். 2021இல் அமெரிக்காவின் சான் டியேகோ துறைமுகத்தில் குட்டை அமைந்த கவசக் கட்டைகளை வைத்தார்கள். ஆனால் அவை தொடக்கத்திலேயே கவசமாகக் கணக்கிட்டு வார்க்கப்பட்டவை.

கட்டைகளுக்கு இடையிலுள்ள இடுக்கையும் அடைக்காதீர்கள். அலையின் வேகத்தை உறிஞ்சுவது அந்த இடைவெளிதான். சிங்கி பதுங்குவதும் அங்கேதான். அழகுக்காகச் சிறுகல் கொட்டி நிரப்பினால் இரண்டும் போகும்.

தொடக்கூடிய இடங்கள் நான்கு. முதலாவது சுவரின் அடிவாரக் கற்கள், அதாவது அரிப்பைத் தடுக்கக் கீழே விரிக்கும் கல் படுகை. இது சிங்கிக்கும் களவாய்க்கும் உகந்தது. இரண்டாவது உள்பக்கச் சரிவு. பாறைக்குட்டைகளையும் கரடுமுரடான பலகைகளையும் இங்கே வைக்கலாம். மூன்றாவது, படகு அணையும் வார்ஃபின் செங்குத்துச் சுவர். நான்காவது ஜெட்டித் தூண்கள். சுவரின் முனை வளைவில் எதுவும் வைக்க வேண்டாம். அலை மிகக் கடுமையாக முறுக்கி அடிக்கும் இடம் அது.

கரையைவிட்டு விலகிக் கடலடியில் போடும் செயற்கைப் பார் வேறு வேலை. கேரளத்தில் பொழியூர் முதல் வர்க்கலை வரை 42 மீனவ ஊர்களுக்கு எதிரே 6,300 கட்டைகள் இறக்கும் திட்டம் அந்த வகை. இடத் தேர்வு, ஆழம், எடை எல்லாமே வேறு. அந்தக் கட்டை வரைபடத்தை எடுத்துச் சுவர் அடிவாரத்தில் போடாதீர்கள்.

6. துளை, வெடிப்பு, வாசல்

இயற்கைப் பாறையில் உயிர் நிற்பதற்குக் காரணம் அதன் மேடுபள்ளங்கள். ஒதுங்க நிழல், வற்றத்தில் ஈரம், மீன் வாய் எட்டாத இடுக்கு என்று எல்லாம் அதில் கிடைக்கின்றன. கரண்டி போட்டு வழவழப்பாக்கிய சுவரில் இவை மூன்றும் இல்லை. சிட்னியில் 2018இல் தொடங்கிய லிவிங் சீவால்ஸ் திட்டத்தின் அறுகோணப் பலகைகள் இந்த மேடுபள்ளத்தைத்தான் செங்குத்துச் சுவரில் திரும்பக் கொண்டுவந்தன.

சிப்பிக்கு: சில மில்லிமீட்டர் முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை அகலமுள்ள வரிகள், அலை அடிக்கும் பக்கம் பார்த்து. ஒரே அகலத்தில் வரி போடாதீர்கள். குஞ்சுக்குப் பொருந்தும் இடுக்கு வளர்ந்ததற்குப் போதாது. குறுகிய வரியில் ஒட்டியது வளரும்போது அகலமான வரிக்கு நகர, பக்கத்திலேயே இடம் இருக்க வேண்டும். சிப்பிக் குஞ்சு, தான் ஒட்டியிருக்கும் நாரை அறுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நகரக்கூடியது.

சிங்கிக்கு: வாசல் உடம்பின் அளவை ஒட்டி இருக்க வேண்டும். துளை பெரிதாக இருந்தால் கூடவே களவாயும் நுழைந்துவிடும். ஏற்றுமதிக்கு, பனுலிரஸ் ஹோமாரஸ் வகைச் சிங்கிக்கு 200 கிராம் குறைந்தபட்ச எடை என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. அந்த எடையை எட்டும்வரை ஒளிந்து வளர இடம் வேண்டுமென்றால் சிறிய, நடுத்தர, பெரிய துளைகள் மூன்றும் ஒரே கட்டையில் இருக்க வேண்டும். பெரிய துளையை மட்டும் வைத்தால் பிடிக்கும் அளவுச் சிங்கி ஒதுங்கும், குஞ்சுக்கு இடம் இராது.

ஒவ்வொரு துளைக்கும் இரண்டு வாசல் கொடுங்கள். ஒன்று அடைந்தாலோ, எதிரி வந்தாலோ இன்னொன்று வழி. நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் மணலும் தங்காது. ஒரு வாசல் துளை பொந்து மாதிரி தோன்றினாலும் ஆறு மாதத்தில் சேறு நிரம்பிய கிண்ணமாகிவிடும்.

பாறைக்குட்டைக்கு: வேல்ஸில் டைவின் என்ற ஊரின் தடுப்புச் சுவரில் 15 சென்டிமீட்டர் விட்டத்தில், 5 மற்றும் 12 சென்டிமீட்டர் ஆழத்தில் துளைத்துப் பார்த்தார்கள். இரண்டு ஆழத்திலும் ஒரே அளவு உயிரினங்கள் சேர்ந்தன. அதை நம்பி இங்கே 5 சென்டிமீட்டர் குட்டை போடாதீர்கள். அது குளிர்நாடு. நம் வெயிலில் ஆழமும் நிழலும் சேர்ந்தால்தான் நீர் கொதிக்காமல் இருக்கும். நான் குறைந்தது 20 சென்டிமீட்டர் ஆழமும், மேலே ஒரு கை அகலத்துக்கு நீட்டிய உதடும் வைப்பேன். வடக்கு பார்த்த முகத்தில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நிழல் கிடைக்கும், வேலை பாதி குறையும்.

7. காங்கிரீட்டும் அச்சும்

புதிய காங்கிரீட்டின் கார அளவு (pH) 12 முதல் 13. கடல்நீரோ 8ஐ ஒட்டியது. சிமெண்டில் இரும்பு உலைக் கசடுத்தூளோ அனல்மின் நிலையச் சாம்பலோ கலந்தால் காரம் கசிவது குறையும், உப்பும் உள்ளே எளிதில் இறங்காது. இந்தியக் காங்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456உம் கடல்நீரில் கசடு அல்லது பொசொலானா (சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்டு நல்லது என்றே சொல்கிறது. கம்பி போட்டதற்கு எம்30 என்ற வலிமைத் தரம், கம்பி இல்லாததற்கு எம்20 என்பது அதன் குறைந்தபட்சம். கம்பி இல்லாத வாழிடக் கட்டைக்கும் எம்30 போடுங்கள். அடிவாரத்தில் கல்லும் மணலும் உரசிக்கொண்டே இருக்கும்.

கம்பியை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். ஓதம் ஏறி இறங்கும் இடத்தில் 75 மில்லிமீட்டர் மூடுகனம் (கம்பியை மூடும் காங்கிரீட்டின் தடிமன்) கேட்கப்படுகிறது. வரியும் துளையும் போட்ட மெல்லிய பலகையில் அவ்வளவு கனத்துக்கு இடம் கிடையாது. கம்பி துருப்பிடித்தால் பலகையே பிளந்துவிடும்.

கசடு சிமெண்டு மெதுவாகத்தான் பலம் ஏறும். அடுத்த நாளே அச்சைக் கழற்ற மேஸ்திரி அவசரப்படுவார். விடாதீர்கள், வரியின் விளிம்பு எல்லாம் உதிர்ந்துவிடும். நல்ல நீரில் பத்து நாளாவது கியூரிங் (ஈரமாக வைத்து இறுகவிடுவது) வேண்டும், வெயில் காலத்தில் பதினான்கு. கடல்மணல் சேர்க்கவே கூடாது.

அடுத்து, அச்சில் பூசும் எண்ணெய். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலைத்தான் பெரும்பாலான யார்டுகளில் பூசுகிறார்கள். அது கட்டையின் தோலில் ஊறி நிற்கும், அதில் குஞ்சு ஒட்டாது. தாவர எண்ணெய் சார்ந்த அச்சு எண்ணெய் என்று டெண்டர் நிபந்தனையிலேயே எழுதிவிடுங்கள், வாய்ச்சொல்லாகச் சொன்னால் நடக்காது. கியூரிங் காம்பவுண்டு மெழுகையும் பூச வேண்டாம்.

வார்த்து முடித்த கட்டைகளைத் தொட்டியில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே வாருங்கள். கார அளவைக் காட்டும் காகிதத்தில் 9க்குக் கீழே வந்து நிலைத்த பிறகு எடுத்தால் போதும். பத்து ரூபாய்ச் சோதனைதான், ஆனால் இதைச் செய்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எடைக் கணக்கில் ஒரு கவனம். 1,000 கிலோ காங்கிரீட் கட்டை கடல்நீருக்குள் ஏறக்குறைய 570 கிலோதான் இருக்கும். துளைகளால் பருமன் குறைந்தால் இன்னும் குறையும். ஆனி ஆடி அலையில் நகராமல் நிற்குமா என்று பார்க்கும்போது இந்த நீருக்குள் எடையைத்தான் எடுக்க வேண்டும்.

8. ஜெட்டித் தூண்கள்

நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் தூண்களைச் சுற்றிப் பாவாடை போல நைலான் கயிறுகளைத் தொங்கவிட்டார்கள். சில மாதங்களில் மசல் சிப்பி அவற்றை மூடியது. நமக்கு நைலான் உதிர்வு கடலில் சேர வேண்டியதில்லை. தென்னங்கயிறு இங்கேயே கிடைக்கிறது. அது மக்கும், ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கும் புதுக்கயிறு என்று பராமரிப்புத் தொகையில் எழுதுங்கள்.

கேரளத்தில் சிப்பி வளர்ப்பவர்கள் குஞ்சுகளைக் கயிற்றைச் சுற்றி வைத்துப் பருத்தி வலைத்துணியால் பொதிந்து நீரில் விடுகிறார்கள். சில வாரங்களில் துணி மக்கிப்போகும், அதற்குள் குஞ்சு நார்விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். தூண்கயிற்றில் தானாக ஒட்டாத இடத்தில் இந்த முறை கைகொடுக்கும்.

இரண்டு விஷயங்களை மறக்க வேண்டாம். சிப்பி ஏறிய தூண் பருமனாகும், அலை தள்ளும் விசையும் கூடும். கட்டமைப்புப் பொறியாளரிடம் முன்கூட்டியே சொல்லி அந்தக் கனத்தைக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். மேலும், ஒவ்வொரு தூணிலும் ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு முழ அகலத்தைச் சுத்தமாக விடுங்கள். ஆய்வுக்கு வருபவர் விரிசல் பார்க்க இடம் இல்லையென்றால் மொத்தத்தையும் சுரண்டச் சொல்லிவிடுவார். இது நடந்து பார்த்திருக்கிறேன், ஒரே காலையில் இரண்டு வருட வளர்ச்சி போய்விட்டது.

ஜெட்டியின் அடி இருட்டும் கவனிக்க வேண்டியது. சியாட்டிலில் 2017இல் முடித்த கடற்சுவரில் நடைபாதையிலேயே கண்ணாடிக் கட்டிகளைப் பதித்து, கீழே போகும் சால்மன் குஞ்சுகளுக்கு வெளிச்சம் கொடுத்தார்கள். நமக்குத் தளப்பலகைகளுக்கு இடையே இடைவெளி விட்டாலே ஓரளவு போதும்.

9. எப்போது இறக்குவது

பழுப்புச் சிப்பி தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கருவிடுகிறது. குஞ்சுகள் பாறையில் ஒட்டத் தொடங்குவது மழை தணிந்து வரும் மாதங்களில். அவை வரும்போது உங்கள் கட்டை ஏற்கெனவே நீருக்குள் இருந்து, மேலே நுண்ணுயிர்ப் படலம் படிந்திருக்க வேண்டும். ஆகவே மார்ச், ஏப்ரலில் இறக்கிவிடுங்கள்.

டிசம்பரில் இறக்கினால் முதலில் வருபவை கொட்டலசும் பச்சைப்பாசியும். அவை இடத்தைப் பிடித்த பிறகு அடுத்த ஆண்டுச் சிப்பிக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான்.

மார்ச், ஏப்ரலில் ஒரு ஆபத்து உண்டு. கள்ளக்கடல். காற்றே இல்லாமல், கடல் அமைதியாக இருக்கும்போதே தூரத்துத் தென்கடலில் எழுந்த பேரலை வந்து ஏறும். மழைக்கு முந்திய இந்த மாதங்களில்தான் அது அதிகம். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் எச்சரிக்கை கொடுக்கிறது. தினமும் காலையில் அதைப் பார்க்காமல் ஆளைச் சுவரின் அடிவாரத்துக்கு இறக்க வேண்டாம்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை குமரி மாவட்ட மேற்குக்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். துறைமுகம் முழுக்கப் படகுகள் நெருக்கியடித்து நிற்கும். உள்பக்க வேலையை அந்த நாட்களில் திட்டமிடாதீர்கள்.

10. ஊரோடு பேசி எழுதி வைப்பது

சுவரில் சிப்பி பிடித்ததும் எடுக்க ஆள் வரும், வர வேண்டியதும்தான். தேவாலயப் பங்குப்பேரவையிலும் மீனவர் சங்கத்திலும் முன்கூட்டியே உட்கார்ந்து இரண்டு பகுதிகளைப் பிரியுங்கள்: இந்த நீளத்தில் எடுக்கலாம், இந்த நீளத்தில் இரண்டு ஆண்டு தொடக் கூடாது. சிப்பிக்காரர்களே கோடு போடட்டும், அப்போதுதான் காவலும் அவர்களுடையதாகும்.

எடுக்கும் பகுதிக்கு டெட்ராபாட் மேல் ஏறிப் போகும்படி வழி வைக்காதீர்கள். பாசி படிந்த கட்டையில் கால் வழுக்கினால் சந்துக்குள் விழுந்தவரை எடுப்பது மிகக் கடினம். உள்பக்கச் சரிவில் படி கட்டிக்கொடுங்கள்.

11. எண்ணுவதும் வேண்டாததைக் கண்டுபிடிப்பதும்

இறக்கிய 1, 3, 6, 12, 24 மாதங்களில் அதே சட்டம், அதே மட்டம், அதே ஒப்பீட்டுப் பாறை. முதல் மாதம் வழுவழுப்பான படலம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் சரி. மூன்றாம் மாதமும் கட்டை வெள்ளையாகவே இருந்தால் காரமோ எண்ணெயோ காரணம், கட்டையை எடுத்துப் பாருங்கள். ஆறாம் மாதம் ஒரே வகை உயிர் மட்டும் மூடியிருந்தால் துளை அளவுகளில் வேறுபாடு போதவில்லை.

புதிய காங்கிரீட் பரப்பு வந்தேறிகளுக்கும் அழைப்பு. துறைமுகத்துக்குக் கப்பல் வந்தால் அவை வரும் வழியும் திறந்திருக்கிறது. கொச்சியிலும் அஷ்டமுடியிலும் பரவிய அமெரிக்கக் கறுப்புச் சிப்பி, எண்ணூர், பழவேற்காடு பக்கத்தில் மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் அதே சிப்பிதான். மெல்லிய கறுத்த ஓடு, சேற்றின் மேலும் பாய் விரித்தது போல நெருக்கமாக மூடும். உப்பு குறைந்த நீரிலும் தாங்குவதால் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்கு அருகிலுள்ள கட்டைகளில்தான் முதலில் தேட வேண்டும். நம் பழுப்புச் சிப்பியோடு பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, தோணியில் போகும் எல்லோருக்கும் காட்டிவையுங்கள்.

ஒன்றைக் கண்டால் அந்தக் கட்டையைக் கடலிலேயே சுரண்டக் கூடாது. உதிர்ந்தது வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். கட்டையோடு கரைக்குத் தூக்கி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, பிறகு சுத்தம் செய்யுங்கள். எனவே வார்க்கும்போதே ஒவ்வொரு கட்டையிலும் தூக்குவதற்குக் கொக்கி மாட்டும் துளையும், காங்கிரீட்டில் பதித்த எண்ணும் வேண்டும். எந்த எண் எந்த மட்டத்தில், எந்தத் தேதியில் இறங்கியது என்ற நோட்டின் ஒரு பிரதியைத் துறைமுக அலுவலகத்திலும், இன்னொன்றைப் பங்குப்பேரவை அலமாரியிலும் வையுங்கள். பொறியாளர்கள் மாறுதலில் போய்விடுவோம், அடுத்த வற்றத்தில் அந்த நோட்டைத் திறந்து பார்ப்பவர் ஊர்க்காரராகத்தான் இருப்பார்.